அரியலூரில் உலாவிய ராட்சத விலங்கு! கிடைத்த எலும்பு மண்ணாகிப் போன கதை

தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடியிருக்கும் நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் சென்னை வழியாக ஊருக்குப் போனால், விருத்தாசலத்துக்கும் திருச்சிக்கும் நடுவே ரெயில் அரியலூரைத் தாண்டும். அநேகமாக அது நடுச்சாமமாக இருக்கும். தூக்கக் கலக்கத்தில் கண் விழித்துப் பார்த்தால் சிமெண்டு ஆலைகளின் விளக்குகள் தெரியும். மறுபடி புரண்டு படுத்துவிடுவார்கள்.

வயதானவர்களுக்கு அரியலூர் என்றால் 1956-ம் ஆண்டு நவம்பர் மாத ரெயில் விபத்துதான் நினைவுக்கு வரும். மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. அதற்குப் பொறுப்பேற்று ரெயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார்.

அந்த அரியலூர் மண்ணுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. உலகில் இதுவரை காலூன்றி நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியது என்று சொல்லத்தக்க ஒரு விலங்கு அங்கே வாழ்ந்திருக்கிறது. அதன் எலும்பு கிடைத்தது. அளந்தார்கள். படம் வரைந்தார்கள். பெயரும் சூட்டினார்கள்.

இன்று அந்த எலும்பில் ஒரு துண்டுகூடக் கைவசம் இல்லை!

கடல் வந்து போன ஊர்

இன்றைக்கு அரியலூரில் நின்றுகொண்டு கடலைப் பார்க்க வேண்டுமானால் பல மணி நேரம் பஸ்சில் போக வேண்டும். ஆனால் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரமே கடலுக்கு அடியில் கிடந்தது. சிப்பிகளும் நத்தைகளும் சுருள் சுருளான ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடல் பிராணிகளும் அங்கே கோடிக்கணக்கில் வாழ்ந்து மடிந்தன. அவற்றின் ஓடுகள் சேற்றில் புதைந்து இறுகிச் சுண்ணாம்புப் பாறை ஆயின. அம்மோனைட் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் பூஜை அறையில் உள்ள சாளக்கிராமத்தை நினைத்துக்கொள்ளலாம். நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்டின் கல் வடிவமே.

அரியலூரைச் சுற்றிச் சிமெண்டு ஆலைகள் வரிசையாக எழுந்ததற்கு இந்தச் சுண்ணாம்புப் பாறைதான் காரணம். பக்கத்தில் உள்ள கல்லக்குடியும் அப்படியே. 1953 ஜூலையில் ரெயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் இருந்த டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி மு.கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தாரே, அதே கல்லக்குடிதான். டால்மியா சிமெண்டு கம்பெனியை அந்தக் குக்கிராமத்துக்கு இழுத்து வந்தது பழங்காலக் கடலின் பவழப் பாறை. கடல் மட்டும் அங்கே வராமல் இருந்திருந்தால் ஆலையும் இல்லை, போராட்டமும் இல்லை!

இந்தப் பாறைகளின் செய்தி வெள்ளைக்காரர்களுக்கு 1840-களிலேயே எட்டிவிட்டது. திருச்சி மாவட்டத்துச் சிப்பிகள் லண்டனுக்குப் போயின. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்போர்டு என்பவர் அந்தப் பகுதியை ஆராய்ந்து 1862-ல் அறிக்கை கொடுத்தார். உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக அவர் பாறைகளைப் பிரித்தார். அந்தப் பெயர்களையே இன்றும் உலகெங்கும் உள்ள நிலவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். அவருக்குப் பின் ஸ்டோலிச்கா என்ற செக் நாட்டு அறிஞர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அந்தக் கடல் உயிர்களை ஒவ்வொன்றாகப் படம் போட்டு எழுதி வைத்தார்.

எல்லாம் கடல் உயிர்கள். அப்படியானால் தரையில் நடந்த டைனோசர் எங்கிருந்து வந்தது?

கல்லமேட்டுச் சேறு

கடல் என்றைக்கும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. டைனோசர் யுகத்தின் கடைசிக் காலத்தில், அதாவது 7 கோடி ஆண்டுகளை ஒட்டி, அரியலூர்க் கடல் பின்வாங்கியது. வெளியே வந்த தரையில் ஆறுகள் ஓடின. மணலும் களிமண்ணும் படிந்தன. பிற்பாடு கடல் மறுபடி வந்து மூடிக்கொண்டது. இரண்டு கடல்களுக்கு நடுவே சிக்கிய அந்த ஆற்றுப் படிவத்துக்குக் கல்லமேடு படிவம் என்று பெயர். கல்லமேடு என்பது அரியலூர் வட்டாரத்தில் உள்ள ஒரு சிற்றூர்.

அந்த வட்டாரத்துப் பாறையில் டைனோசர் எலும்பு இருப்பது பிளான்போர்டு காலத்திலேயே தெரியும். அவர் கொண்டுவந்த பல் ஒன்று மாமிசம் தின்னும் டைனோசரின் பல் என்று லைடேக்கர் என்ற அறிஞர் 1879-ல் எழுதினார். பின்னர் மேட்லி என்ற ஆங்கிலேயர் அங்கே வந்து தேடினார். திருச்சி மாவட்டத்து டைனோசர்கள் பற்றி 1929-ல் தனிக் கட்டுரையே வெளியிட்டார்.

அதற்குப் பிறகு நீண்ட காலம் பேச்சே இல்லை. சுதந்திர இந்தியாவில், நிலவியல் ஆய்வுத்துறை அதிகாரிகளான யாதகிரி, அய்யசாமி ஆகிய இருவரும் கல்லமேட்டுக் களிமண்ணில் இறங்கினார்கள். இடுப்பு எலும்பு, தொடை எலும்பின் ஒரு பகுதி, முன்னங்கால் எலும்பு, வால் எலும்பு, கீழ்க்கால் எலும்பு என்று சில துண்டுகள் அகப்பட்டன. எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அளவு?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம்! சாதாரண வீட்டு வாசற்கதவின் உயரம். அர்ஜென்டினா நாட்டில் கிடைத்த 'அர்ஜென்டினோசாரஸ்' என்ற பேர்பெற்ற ராட்சதனுக்கே அந்த எலும்பு 1 மீட்டர் 55 சென்டிமீட்டர்தான்.

1980-களின் பிற்பகுதியில் அவர்கள் இந்த விலங்குக்குப் 'பிருகத்காயோசாரஸ் மேட்லியை' என்று பெயர் வைத்தார்கள். பிருகத் என்றால் பெரிய. காயம் என்றால் உடல். 'பேருடல் பல்லி' என்று தமிழில் சொல்லலாம். பின்பாதிப் பெயர் பழைய மேட்லிக்கு மரியாதை.

முதலில் அவர்கள் அதை மாமிசம் தின்னும் இனம் என்றே நினைத்தார்கள். அத்தனை பெரிய உடம்புக்கு இரை பிடித்துக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி எழுந்தது. பின்னால் ஆராய்ந்தவர்கள், இது நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்டு, நாலு காலில் நடந்து, இலை தழை மேய்ந்த இனம் என்று திருத்தினார்கள்.

எடை எவ்வளவு? 2023-ல் வெளியான ஒரு வெளிநாட்டு ஆய்வு, 110 டன்னுக்கு மேல் இருக்கலாம் என்கிறது. நல்ல கோவில் யானை ஒன்று 4 அல்லது 5 டன். இருபதுக்கு மேற்பட்ட யானைகளை ஒன்றாக உருட்டி ஓர் உடம்பு செய்தால் எப்படி இருக்கும்! பெரிய நீலத் திமிங்கலங்களோடு போட்டி போடும் எடை இது. திமிங்கலத்தைக் கடல் தாங்குகிறது. இதைத் தாங்கியது நாலு கால்தான்.

மாவுக்கட்டு போட்டும் தாங்காத எலும்பு

நெல்லைச் சீமையின் கரிசல்காட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மழை பெய்தால் கரிசல் உப்பும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கல்லமேட்டுக் களிமண்ணும் இந்தக் குணம் உடையதுதான். அதற்குள் கிடந்த எலும்பு, மண்ணோடு சேர்ந்து உப்பியும் வெடித்தும் உள்ளுக்குள்ளேயே விரிசல் கண்டிருந்தது. பார்வைக்கு முழுசு. தொட்டால் பொலபொல!

இப்படிப்பட்ட எலும்பை எடுக்க ஒரு முறை உண்டு. முதலில் பசை போன்ற திரவத்தை ஊற்றி எலும்பை இறுக வைப்பார்கள். ஈரக் காகிதத்தை ஒட்டுவார்கள். சாக்குத் துணியைக் கிழித்து, பாரிஸ் சாந்தில் தோய்த்துச் சுற்றுவார்கள். கை முறிந்தவனுக்கு ஆஸ்பத்திரியில் போடும் மாவுக்கட்டேதான். கட்டு காய்ந்த பிறகு அடிமண்ணோடு சேர்த்துப் பெயர்த்து, வண்டியில் ஏற்றி, குலுங்காமல் ஓட்டிப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டைப் பிரித்துப் பழுது பார்க்க ஆள் வேண்டும்.

இரண்டு மீட்டர் எலும்புக்கு இதையெல்லாம் செய்வது லேசான காரியமா?

கல்லமேட்டு எலும்புகள் நொறுங்கிவிட்டன. நிலவியல் ஆய்வுத்துறையின் இருப்பிடத்துக்கு வந்து சேருமுன்பே அவை தூளாகிவிட்டன என்பது 2017-ல் பீட்டர் கால்டன் என்ற அறிஞரும் அய்யசாமியும் எழுதிய கட்டுரையில் பதிவாகி இருக்கிறது. அதாவது, கண்டெடுத்தவரே சொன்ன வாக்குமூலம்.

இதனால் வந்த வினை என்ன தெரியுமா? எலும்பு இருந்தால் சந்தேகப்படுகிறவனைக் கூப்பிட்டு, 'வந்து பார்' என்று சொல்லலாம். இங்கே காட்ட எதுவும் இல்லை. முதல் கட்டுரையில் இருந்த கோட்டுப் படங்களும் தெளிவானவை அல்ல. 'அது எலும்பே அல்ல, கல்லாகிப் போன மரமாக இருக்கும்' என்றுகூட வெளிநாட்டில் சிலர் பேசினார்கள். அதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சீமையில் கல்மரம் நிஜமாகவே உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்தில் ஒரு கல்மரம் கிடக்கிறது. 1940-ல் அதை உலகுக்குச் சொன்னவர் தஞ்சைத் தமிழரான டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன். பிற்பாடு நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமைப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்.

சந்தேகத்துக்குப் பதிலாக 2022-ல் அய்யசாமி இன்னொருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். எலும்புகள் மண்ணில் கிடந்தபோது எடுத்த பழைய போட்டோக்கள் அதில் வெளிவந்தன. அவற்றைப் பார்த்த பிறகு, 'எலும்புதான்' என்று ஒத்துக்கொண்டவர்கள் பலர். அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான் 110 டன் கணக்கு. இருந்தாலும் போட்டோவை வைத்து உலகச் சாம்பியன் பட்டம் வாங்க முடியாது. பட்டம் அர்ஜென்டினாவிலேயே இருக்கிறது.

'திராவிட' டைனோசர்

இதே இருவர் 1979-ல் அரியலூர் அருகே கண்ட இன்னொரு விலங்குக்கு வைத்த பெயர் 'திராவிடோசாரஸ் பிளான்போர்டி'. முதுகில் தட்டுத் தட்டாக எலும்பு நிற்கும் ஸ்டெகோசாரஸ் வகை என்றார்கள். அந்த வகை மற்ற நாடுகளில் ஏற்கனவே அற்றுப்போய்விட்ட காலத்தில் திராவிட நாட்டில் மட்டும் தப்பிப் பிழைத்திருந்தது என்பது கேட்கவே சுவையான செய்தி. 1996-ல் சங்கர் சாட்டர்ஜி என்ற புகழ்பெற்ற அறிஞரும் அவருடைய கூட்டாளியும், 'இது டைனோசரே அல்ல, கடலில் நீந்திய வேறு பிராணி' என்று மறுத்தார்கள். 2017-ல் கால்டனும் அய்யசாமியும் மறுப்புக்கு மறுப்பு எழுதினார்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது!

மும்பையின் அடியில்

சரி, இதற்கும் மும்பைக்கும் என்ன சம்பந்தம்?

கல்லமேட்டில் அந்த விலங்குகள் மேய்ந்த யுகத்தின் கடைசியில், இன்றைய மராட்டியத்தில் பூமி பிளந்தது. நெருப்புக் குழம்பு வெள்ளமாக ஓடியது. ஒரு தடவை அல்ல, பல லட்சம் ஆண்டுகளுக்கு விட்டு விட்டு ஓடியது. ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்த அந்தக் குழம்புதான் தக்காணத்தின் கருங்கல். இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோ மீட்டர் பரப்பை அது மூடிக்கொண்டிருக்கிறது. புனேயில் இருந்து ரெயில் கீழே இறங்கும்போது கண்டாலா மலையில் படிப்படியாகத் தெரிவது இந்தப் பாறைதான். செம்பூருக்குப் பின்னால் நிற்கும் டிராம்பே குன்றும், அந்தேரியில் கம்பம் கம்பமாக 200 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் கில்பர்ட் குன்றும் அந்த நெருப்பின் மிச்சமே.

6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோ பக்கம் ஒரு பெரும் விண்கல் விழுந்தது. டைனோசர்கள் பூண்டோடு அழிந்தன. தக்காண நெருப்புக்கும் அந்த அழிவில் பங்கு உண்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நெருப்புப் பாறையில் டைனோசர் கிடைக்காது. நெருப்பு ஓய்ந்த இடைவேளைகளில் ஏரிகள் தேங்கின. அவற்றின் சேற்றில் உயிர்கள் படிந்தன. வொர்லியில் அப்படி ஒரு சேற்றுப் படிவத்தில் சின்னஞ்சிறு தவளைகள் கல்லாகிக் கிடந்தன. 1847-ல் அவற்றை விவரித்து எழுதியவர் ரிச்சர்ட் ஓவன். 1842-ல் 'டைனோசர்' என்ற சொல்லையே உண்டாக்கிய லண்டன் பேராசிரியர் அவர்தான்! ராட்சதர்கள் அழிந்த பிறகும் தத்தித் தத்திப் பிழைத்திருந்த தவளைகள் இவை என்பது இன்று பலரின் கருத்து. இப்போது வொர்லியில் போய்த் தேடினால் கட்டடம்தான் கிடைக்கும். கில்பர்ட் குன்றையும் சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டார்கள். 2007-ல் மாநகராட்சி பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது மிஞ்சியிருந்தது நடுக்கம்பம் மட்டும்தான்.

டைனோசர் வேண்டுமானால் நெருப்புப் பாறைக்கு அடியில் போக வேண்டும். அந்தக் கீழ்ப் படிவத்துக்கு லாமேட்டா என்று பெயர். ஜபல்பூரில் 1828-ல் அங்கேதான் ஸ்லீமன் என்ற ராணுவ அதிகாரி இந்தியாவின் முதல் டைனோசர் எலும்பைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் 'தக்' கொள்ளையரை ஒடுக்கிப் பெயர் பெற்ற அதே ஸ்லீமன்தான். அவர் எடுத்த வால் எலும்புகளை வைத்து 1877-ல் 'டைட்டனோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் சூட்டப்பட்டது. பிறகு அந்த எலும்பு காணாமல் போனது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. 2012-ல் கொல்கத்தாவில் நிலவியல் ஆய்வுத்துறையின் பழைய சேகரிப்பைத் துழாவியபோது அகப்பட்டது! ஆபீசில் பைல் தேடி அலுத்துப்போன கிளார்க்குகளுக்கு இதன் அருமை புரியும்.

தொழிலாளி கண்ணில் பட்ட முட்டை

குஜராத்தில் பாலாசினோர் பக்கத்துக் கதை இன்னும் நல்ல கதை. 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு சிமெண்டு கம்பெனியின் சுண்ணாம்புக்கல் குவாரியில் உருண்டை உருண்டையாகக் கல் வந்தது. ஆய்வுத்துறையினர் பார்த்தார்கள். அத்தனையும் டைனோசர் முட்டை! அந்த வட்டாரத்தில் பக்கத்துக் கிராமமான தோலி துங்ரியில் கிடைத்த ஒரு பாறையில், முட்டை பொரிந்து வந்த குஞ்சுக்குப் பக்கத்தில் மூன்றரை மீட்டர் பாம்பு ஒன்று வளைந்து கிடக்கிறது. கவ்வப் போன நேரத்தில் மண் சரிந்து இரண்டையும் மூடிவிட்டது. அந்தப் பாம்புக்கு 2010-ல் 'சனாஜே இண்டிகஸ்' என்று பெயர் வைத்தார்கள். அருகே ரையோலி கிராமத்தில் இப்போது டைனோசர் அருங்காட்சியகமே இருக்கிறது. மும்பையில் இருந்து ஓர் இரவுப் பயணம்தான்.

மத்தியப்பிரதேசம் தார் மாவட்டத்தில் உருண்டைக் கல்லைக் குலதெய்வமாக வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அவை டைனோசர் முட்டை என்று 2023 டிசம்பரில் செய்தி வந்தது. கும்பிட்டதால் அவை உடையாமல் பிழைத்தன என்றும் சொல்லலாம்.

அரியலூர்ப் பக்கம் இதற்கு நேர்மாறு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. பார்த்த நிபுணர்கள், 'இவை கடல் படிவ உருண்டைகள், உள்ளே இருப்பது அம்மோனைட்' என்று கையை விரித்தார்கள். கூட்டம் கலைந்துவிட்டது. 10 கோடி ஆண்டு வயதுள்ள பொருளுக்கு இவ்வளவுதான் மரியாதை!

சலித்து எடுத்த பல்

பெரிய எலும்பு போய்விட்டது என்பதற்காகக் கல்லமேட்டை யாரும் கைவிட்டுவிடவில்லை. அங்கே கிடைத்த ஆமை ஒன்றின் மண்டையோட்டுக்கு 2001-ல் 'கூர்மதெமிஸ் கல்லமேடென்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். முன்பாதியில் கூர்மாவதாரம், பின்பாதியில் ஊர்ப்பெயர். 2013-ல் டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.வி.ஆர்.பிரசாத்தும் வெளிநாட்டு அறிஞர்களும் சேர்ந்து, கல்லமேட்டில் கிடைத்த ஒரு பல்லைப் பற்றி எழுதினார்கள். விரல் நுனியில் வைக்கலாம், அவ்வளவு சிறிது. டிரூடான் என்ற புத்திசாலி டைனோசர் குடும்பத்தின் பல் அது. அந்தக் குடும்பம் வடதிசைக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்தது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அதே ஆண்டு, மடகாஸ்கர் தீவில் வாழ்ந்த ஒரு விசித்திர முதலை இனத்தை ஒத்த பற்களும் கல்லமேட்டில் இருப்பதாக அறிவித்தார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தவை என்பதற்கு அரியலூர்ச் சேறு இன்னொரு சாட்சி.

இத்தகைய சின்னஞ்சிறு பற்களைத் தேட, மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளித் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் சலித்து, மிஞ்சும் பொடியைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலை. மாவுக்கட்டும் வேண்டாம், லாரியும் வேண்டாம். ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விடலாம்.

அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தனூர்க் கல்மரத்தைச் சுற்றிப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலோ வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே தினமும் லாரியில் ஏறும் கல்லில் எது சிப்பி, எது எலும்பு என்று பார்க்கக்கூடியவர்கள், அதை வெட்டி ஏற்றுகிற தொழிலாளிகள்தான்.